தொலைந்துபோன இரவு அங்கி

1860 ஜூலை 2, திங்கட்கிழமை காலை. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ரோட் என்ற சிற்றூர். ஊரை ஒட்டி நிற்கும் ரோட் ஹில் ஹவுஸில் வேலைக்காரப் பெண் அழுக்குத் துணிகளைச் சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியும் சலவைப் புத்தகத்தில் ஏறியது. வாரம் தவறாமல் நடக்கிற வேலை. சாவு வீடு என்பதற்காக அழுக்குத் துணி காத்திருக்காது.

இரண்டு நாள் முன்புதான் அந்த வீட்டின் செல்லப் பிள்ளை சவில், இன்னும் நான்கு வயது நிரம்பாதவன், படுக்கையிலிருந்து இரவோடு இரவாகக் காணாமல்போனான். தோட்டத்துக் கழிப்பிடக் குழியில், கழுத்து அறுபட்ட உடலாகக் கிடைத்தான். வரவேற்பறையின் சன்னல் ஒன்று திறந்து கிடந்தது. ஆனால் வெளியாள் நுழைந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. செய்தவர் அந்த வீட்டுக் கூரையின் கீழேயே தூங்கி எழுந்துகொண்டிருந்தார்.

கூடை நிரம்பும் நேரத்தில் பதினாறு வயது கான்ஸ்டன்ஸ் வந்தாள். இறந்த பிள்ளைக்கு மூத்த தாரத்து அக்கா. தன் உள்பாவாடைப் பையில் பணப்பை கிடக்கிறதா பார் என்றாள். வேலைக்காரி துழாவினாள், இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். கீழே போய்க் கொண்டுவந்து கொடுத்தாள் அந்தப் பெண். ஒரு நிமிஷம் ஆகியிருக்கலாம். பிறகு சலவைக்காரி வீட்டில் கூடையைப் பிரித்து எண்ணியபோது, கணக்கில் இருந்த ஓர் இரவு அங்கி கூடையில் இல்லை. கான்ஸ்டன்ஸுடையது.

இரவு அங்கி என்றதும் நம் ஊரில் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகும் நைட்டியை நினைக்கக் கூடாது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் வெள்ளை உடுப்பு அது. தந்தையும் கணவனும் தவிர வேறு ஆண் கண்ணில் படக் கூடாதது. லண்டனிலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் ஒரு கனவான் வீட்டுப் பெண்ணின் இரவு அங்கிகளை எண்ணத் தொடங்கியதும் நாடே அருவருத்தது. அந்த அருவருப்புக்கு அடியில் தாளாத ஆவலும் இருந்தது. அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் காதலும் கொலையும் கலந்த ஆங்கிலக் குடும்ப மர்மக் கதைகளுக்குள் அந்த வெள்ளை அங்கி திரும்பத் திரும்பத் தலைகாட்டியது அந்த ஆவலால்தான்.

அந்தக் கதை வகையின் அச்சு எல்லோருக்கும் தெரிந்தது. ஓர் இளம்பெண் ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைவாள். அங்கே ஒருவனைக் காதலிப்பாள். அவன் காப்பவனா கொல்பவனா என்று கடைசிவரை தெரியாது. அந்த வீட்டில் எப்போதோ, பெரும்பாலும் யாரோ குழந்தையாக இருந்தபோது, நடந்த ஒரு துயரம் மூடி வைக்கப்பட்டிருக்கும். மூடி வைத்தவர்கள் இன்னும் அதே மேஜையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். இருநூற்றைம்பது வருஷமாக இந்த எலும்புக்கூடு மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: அந்த ரகசியத்தை எங்கே ஒளித்துவைப்பது என்பது.

முதலில் அது சுவருக்குப் பின்னால் இருந்தது. ஆன் ராட்கிளிஃப் 1790இல் எழுதிய ‘எ சிசிலியன் ரொமான்ஸ்’ நாவலில், பூட்டிக் கிடக்கும் தெற்குப் பகுதியில் இரவில் விளக்கு நடமாடுகிறது, முனகல் கேட்கிறது. பேய் என்று வேலைக்காரர்கள் நடுங்குகிறார்கள். பேய் இல்லை. சிறு வயதிலேயே தாயை இழந்துவிட்டதாக நம்பி வளர்ந்த நாயகி, அந்தத் தாயையே அங்கே உயிரோடு காண்கிறாள். வேறு பெண்ணை மணப்பதற்காக மனைவி செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லி நிலவறையில் அடைத்து வைத்தவர் தந்தை. ராட்கிளிஃபின் நாவல்களில் பேய்க்குப் பெரும்பாலும் கடைசியில் கணக்குச் சொல்லப்படும். பேயை விட வீட்டுத் தலைவனே பயங்கரம் என்பதுதான் அந்தக் கணக்கு. 1794இல் ‘உடால்ஃபோ மர்மங்கள்’ நாவலுக்கு அவருக்குக் கிடைத்த தொகை 500 பவுண்டு. அந்தக் காலத்தில் ஒரு நாவலுக்கு, அதுவும் ஒரு பெண்ணுக்கு, கேட்டவர்கள் வாயைப் பிளக்கும் பணம். லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா அச்சகம் அதே சரக்கை மலிவாக அடித்து வாடகை நூலகங்களுக்குத் தள்ளியது. விலைக்கு வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள். பெரும்பாலும் பெண்கள் என்பதே அந்தக் காலத்து ஏளனம்.

அந்த ஏளனத்தை மிக நேர்த்தியாகச் செய்தவர் ஜேன் ஆஸ்டின். அவருடைய ‘நார்தாங்கர் அபே’யில் ராட்கிளிஃபைப் படித்துப் படித்துத் தலைக்கேறிய கேத்தரின், விருந்தாளியாகப் போன வீட்டில் பழைய அலமாரியைக் குடைந்து ஒரு காகிதச் சுருளைக் கண்டெடுக்கிறாள். மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பிரித்துப் பார்த்தால், சலவைக் கணக்கு. சட்டை இத்தனை, காலுறை இத்தனை. வாசகர் சிரிக்கிறார். ஆஸ்டின் 1817இல் காலமானார், புத்தகம் அந்த ஆண்டுக் கடைசியில்தான் வெளிவந்தது. இன்னும் நாற்பது சொச்சம் வருஷம் கழித்து ஒரு நிஜக் கொலை வழக்கு உண்மையாகவே ஒரு சலவைக் கணக்கில் தொங்கும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ரோட் ஹில் ஹவுஸின் கதைக்கு முந்தைய அத்தியாயம் ஒன்று உண்டு. வீட்டுத் தலைவர் சாமுவேல் கென்ட், தொழிற்சாலைகளை மேற்பார்வையிடும் அரசு ஆய்வாளர். முதல் மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் சொல்லிவந்தார். மூத்த பெண்களுக்குப் பாடம் சொல்ல வந்த வீட்டு ஆசிரியை மேரி பிராட் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். முதல் மனைவி 1852இல் இறந்தார். 1853இல் ஆசிரியை எஜமானி ஆனார். சவில் அவருடைய பிள்ளை, கான்ஸ்டன்ஸ் முந்தைய மனைவியின் பெண். ஷார்லட் பிராண்டியின் ‘ஜேன் அய்ர்’ 1847இல் வந்துவிட்டது. பைத்தியம் என்று மேல்மாடியில் அடைக்கப்பட்ட முதல் மனைவி, ஏழை ஆசிரியை, எஜமானின் காதல் என்று இங்கிலாந்தே அதைப் படித்து உருகியிருந்தது. (தமிழில் அந்தக் கதை 1969இல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த ‘சாந்தி நிலையம்’ ஆயிற்று. ‘இயற்கை என்னும் இளைய கன்னி’ பாட்டு இன்றும் ஓடுகிறது. மாடியறையில் அடைபட்ட மனைவியைப் பலர் மறந்துவிட்டார்கள்.) பிராண்டி கதையை ஜேனின் பக்கத்திலிருந்து சொன்னார். பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டவளுக்கு ஒரு மகள் இருந்து, ஆசிரியை தன் தாயின் நாற்காலியில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டே அவள் வளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அந்த நாவலில் யாரும் கேட்கவில்லை.

ஸ்காட்லாந்து யார்டின் துப்பறியும் பிரிவு 1842இல் எட்டே பேரோடு தொடங்கியது. அந்த எட்டில் ஒருவரான ஜோனதன் விச்சர்தான் ரோட் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். ரத்தம் தெறித்த அங்கியை அழித்துவிட்டு, கணக்கில் ஏறிய சுத்தமான அங்கி ஒன்றைக் கூடையிலிருந்து உருவிக்கொண்டால் பழி சலவைக்காரி தலையில் விழும் என்று கான்ஸ்டன்ஸ் கணக்குப் போட்டாள். தண்ணீர் கேட்டது அதற்கான ஒரு நிமிஷத்துக்காக. இதுதான் விச்சரின் வாதம். உள்ளூர்ப் போலீஸ் அதற்கு முன்பே ரத்தக் கறை படிந்த வேறொரு துணியைக் கண்டெடுத்து, கொலையாளிக்குப் பொறி வைக்கிறோம் என்று அதே இடத்தில் வைத்துவிட்டுத் தொலைத்திருந்தது. கையில் துணி இல்லை, வெறும் எண்ணிக்கை மட்டும். கான்ஸ்டன்ஸைக் கைதுசெய்தார் விச்சர். ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். விச்சரின் பெயர் நாறியது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் உட்பட ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு எழுதினார்கள். தந்தையும் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் சேர்ந்து செய்தது என்பது டிக்கன்ஸின் தீர்ப்பு. உலகத்தின் மிகப் பெரிய கதைசொல்லிக்கு இந்தக் கதை பிடிபடவில்லை.

அதே மாதங்களில் டிக்கன்ஸின் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில், இரண்டு பென்ஸ் விலையில், வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் ஒயிட்’ தொடர்கதையாக ஓடிக்கொண்டிருந்தது. 1859 நவம்பரில் தொடங்கி 1860 ஆகஸ்டில் முடிந்த தொடர் அது. ரோட் கொலைச் செய்தியும் தொடரின் உச்சக்கட்டமும் ஒரே மேஜையில் கிடந்திருக்கும். வெள்ளுடைப் பெண்ணின் பெயரில் வாசனைத் திரவியமும் தொப்பியும் வால்ட்ஸ் இசையும் விற்றார்கள்.

காலின்ஸ் செய்த மாற்றம் பெரியது. ரகசியத்தை நிலவறையிலிருந்து எடுத்துப் பதிவேட்டில் வைத்தார். வில்லன் சர் பெர்சிவல் கிளைடின் பெற்றோர் சட்டப்படி மணந்துகொள்ளவே இல்லை. கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில் அவனே கல்யாணக் குறிப்பு ஒன்றைச் செருகிவிட்டான். பட்டமும் சொத்தும் அந்த ஒரு வரியில் நிற்கின்றன. பதிவேட்டுக்கு நகல் ஒன்று பக்கத்து ஊர் வக்கீலிடம் இருக்கிறது, அதில் அந்த வரி இல்லை. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசாங்கமே பதியத் தொடங்கியது 1837இல்தான். அதற்கு முன்பு ஒரு மனிதன் யார் என்பதற்கு ஒரே சாட்சி, பூட்டு சரியில்லாத அலமாரியில் கிடந்த அந்தத் தேவாலயத்து நோட்டுப் புத்தகம். அடுக்கடுக்காகச் சொத்து வைத்திருந்த வர்க்கத்துக்கு அதைவிடப் பயங்கரமான பேய் வேறு எது?

இன்னொரு பயமும் அதில் இருந்தது. நாவலில் நாயகி லாராவை வேறொருத்தியின் பெயரில் மனநோயாளிகள் விடுதியில் அடைத்துவிட்டு, அவள் செத்துவிட்டாள் என்று கல்லறையும் எழுப்பிவிடுகிறார்கள். இது கற்பனையின் உச்சம் என்று தோன்றினால், ஓரிரு வருஷம் பின்னால் போக வேண்டும். 1858 ஜூனில் புகழ்பெற்ற நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான எட்வர்ட் புல்வர்-லிட்டன் ஹெர்ட்ஃபோர்டில் தேர்தல் மேடையில் நின்றபோது, பிரிந்து வாழ்ந்த மனைவி ரோசினா கூட்டத்துக்கு நடுவே எழுந்து அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். சில நாட்களில் இரண்டு மருத்துவச் சான்றிதழோடு ரோசினாவை பிரென்ட்ஃபோர்டில் ஒரு தனியார் மனநோய் விடுதிக்குள் தள்ளினார்கள். பத்திரிகைகள் கொதித்ததும் மூன்று வாரத்தில் விட வேண்டியதாயிற்று. வெளியே வந்த தாயை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனவர் மகன் ராபர்ட். பெற்றோர் பிரிந்தபோது ராபர்ட்டும் அக்கா எமிலியும் சின்னப் பிள்ளைகள். தாயிடமிருந்து அவர்களைப் பறித்துக்கொள்ளத் தந்தைக்கு அன்றைய சட்டம் முழு உரிமை கொடுத்திருந்தது. எமிலி பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்தாள்.

ராபர்ட் லிட்டன் என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது வைஸ்ராயாக இருந்தவர் அவர்தான். அவருடைய பால்ய காலம் ஒரு கோதிக் நாவலுக்குப் போதும். கருணைக்கு அது உதவவில்லை என்பது வேறு கணக்கு.

ஆக, இந்தக் கதைகளில் வீடு பயமுறுத்தியதற்குக் காரணம் வவ்வால்களும் நிலவறைகளும் அல்ல, சட்டம். மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1870வரை, சொத்தை முழுமையாகத் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1882வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கணவன் எப்படிப்பட்டவன் என்பது உயிர் பிழைப்பதைப் பற்றிய கேள்வி. 1862இல் ‘லேடி ஆட்லியின் ரகசியம்’ எழுதிப் பேர்வாங்கிய மேரி எலிசபெத் பிராடன், மனைவி உயிரோடிருந்த பதிப்பாளர் ஜான் மேக்ஸ்வெல்லோடு குடும்பம் நடத்தி, அந்த மனைவி இறந்த பிறகு 1874இல்தான் அவரை மணந்தார். இரட்டைக் கல்யாணம், மறைந்த மனைவி, பரம்பரைப் பைத்தியம் என்று எழுதியபோது அவர் கற்பனைக்கு வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

புத்தக வியாபாரமும் இதற்கு ஏற்றபடி இருந்தது. மூன்று தொகுதி நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ், நடுத்தரக் குடும்பம் தொடவே முடியாது. மியூடியின் வாடகை நூலகத்தில் வருஷத்துக்கு ஒரு கினி கட்டினால் ஒவ்வொரு தொகுதியாக எடுத்துப்போகலாம். முதல் தொகுதியின் கடைசிப் பக்கத்தில் கதவு திறக்க வேண்டும், இரண்டாம் தொகுதியின் கடைசியில் மெழுகுவத்தி அணைய வேண்டும். அடுத்த தொகுதிக்கு அப்போதுதான் ஆள் வரும்.

1865இல் கான்ஸ்டன்ஸ் கென்ட் தானாகவே லண்டன் போ தெரு நீதிமன்றத்துக்கு வந்தாள். பிரைட்டன் நகரத்துப் பாதிரியார் ஆர்தர் வாக்னர் துணைக்கு வந்தார். தம்பியைக் கொன்றது நான்தான், தனியாகத்தான் செய்தேன் என்றாள். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. விச்சர் சொன்னது சரிதான். ஆனால் அவர் முந்தைய ஆண்டே உடல்நலம் குன்றி வேலையை விட்டிருந்தார்.

காலின்ஸ் அந்த அங்கியை விடவில்லை. 1868இல் ‘தி மூன்ஸ்டோன்’ எழுதினார். ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்தபோது கொள்ளைபோன வைரம் ஒன்று இங்கிலாந்து வீட்டில் களவுபோகிறது. புதிதாக வண்ணம் பூசிய கதவில் ஒரு தீற்றல். அந்த வண்ணம் யாருடைய இரவு அங்கியில் இருக்கிறதோ அவரே கள்வர். சார்ஜன்ட் கஃப் சலவைக் கணக்கைக் கேட்கிறார், கேட்டதும் வீடே முகம் சுளிக்கிறது. ரோட் ஹில் ஹவுஸ் வழக்கைப் படித்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. காதலியின் வீட்டில் திருட்டைத் துப்பறியும் நாயகன் ஃபிராங்க்ளின் பிளேக், புதைமணலில் ஒளித்த அந்த அங்கியைக் கடைசியில் வெளியே இழுத்து, துணியில் குறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். அவனுடைய பெயர். அபின் மயக்கத்தில் அவனே எடுத்திருக்கிறான், அவனுக்கே நினைவில்லை.

இந்த இடத்தில்தான் ரகசியம் வீடு மாறியது. நிலவறையும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம். துப்பறிகிறவரின் தலைக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கலாம். ஃபிராய்ட், ஒரு பால்ய நினைவு இன்னொன்றைத் திரைபோல மறைக்கும் என்று எழுதியது 1899இல். நாவல்காரர் முப்பது வருஷம் முந்திக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் வீட்டைத் திரும்பக் கொண்டுவந்தவர் டாஃப்னி டு மோரியே. ராணுவ அதிகாரியான கணவரோடு எகிப்தில் வெயிலில் வெந்துகொண்டு, கார்ன்வால் மழையை நினைத்து ஏங்கித் தொடங்கிய ‘ரெபெக்கா’ 1938இல் வந்தது. ஹிட்ச்காக் எடுத்த படம் 1940இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. நாவலின் மாளிகைக்கு மாதிரி கார்ன்வாலில் ராஷ்லி குடும்பத்துக்குச் சொந்தமான மெனபிலி. இளம் வயதில் வேலி தாண்டிப் போய்ப் பார்த்து மயங்கிய வீடு. 1943இல் அதையே குத்தகைக்கு எடுத்துக் கால் நூற்றாண்டு வாழ்ந்தார் டு மோரியே. கடைசிவரை சொந்தமாகவில்லை, 1969இல் உரிமையாளர்களுக்கே விட்டுக்கொடுத்தார். அவருடைய கதைகளில் வீட்டின் மேல் இருக்கும் வெறிக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஒரு நாவலின் நிழலில் அமெரிக்காவில் ஒரு தொழிலே எழும்பியது. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஏஸ் புக்ஸ் நிறுவனத்தில் ஜெரால்ட் கிராஸ் என்ற பதிப்பாசிரியர், தன் தாய் விரும்பிப் படித்த ‘ரெபெக்கா’ மாதிரிக் கதைகளை மலிவு விலைப் பேப்பர்பேக் வரிசையாகக் கொண்டுவந்தார். அட்டை எப்போதும் ஒன்றுதான். இருட்டு, பின்னணியில் மாளிகை, அதில் ஒரே ஒரு சன்னலில் மட்டும் வெளிச்சம், முன்னால் தலைமுடி பறக்க ஓடிவரும் பெண். பெரும்பாலும் அவள் உடம்பில் என்ன? நீளமான வெள்ளை இரவு அங்கி. சலவைக் கணக்கில் தொலைந்தது நூறு வருஷம் கழித்து டிரக் ஸ்டோர் அலமாரியில் தொங்கியது.

அந்த வரிசையின் முதல் புத்தகங்களில் ஒன்று பிலிஸ் விட்னியின் ‘தண்டர் ஹைட்ஸ்’. ஹட்சன் நதிக்கரை மாளிகைக்கு ஒரு பேத்தி வருகிறாள். அவளுடைய தாய் அந்த வீட்டில் எப்படிச் செத்தாள் என்று யாரும் வாய் திறக்க மறுக்கிறார்கள். விட்னி அமெரிக்கப் பெற்றோருக்கு 1903இல் ஜப்பானின் யோகோஹாமாவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தந்தை, தாய் இருவரையும் இழந்தவர். 104 வயதுவரை வாழ்ந்த அவர், பிறந்த வீட்டைத் தேடிப்போகும் பெண்களைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதினார். 1960இல் ‘மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்’ வந்தது. எழுதியவர் பெயர் விக்டோரியா ஹோல்ட். அப்படி ஒருவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. டு மோரியேதான் மாற்றுப் பெயரில் எழுதுகிறார் என்று வாசகர்கள் அடித்துச் சொன்னார்கள். உண்மையில் அவர் எலினர் ஹிபர்ட், ஜீன் பிளெய்டி என்ற பெயரில் ராஜா ராணிக் கதைகளை ஏற்கெனவே விற்றுத் தள்ளியவர். மேரி ஸ்டூவர்ட் இதே சரக்கை இன்னும் நல்ல உரைநடையில் கொடுத்தார். அவருடைய ‘நைன் கோச்சஸ் வெயிட்டிங்’ (1958) ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைச் சொத்துக்காகக் கொல்லத் துடிக்கும் குடும்பத்துக்குள் ஒரு வீட்டு ஆசிரியையை அனுப்பியது. இவர்கள் எல்லோரிலும் மறுபடி படிக்கத் தகுந்தவர் அவர்தான்.

எழுத்தாளர் ஜோனா ரஸ் 1973இல் இந்த நாவல்களை உட்கார்ந்து படித்து ஒரு கட்டுரை எழுதினார். ‘யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், என் புருஷன்தான் என்று நினைக்கிறேன்’ என்பது அதன் தலைப்பு. கிண்டல்தான். ஆனால் ராட்கிளிஃப் முதல் காலின்ஸ்வரை எழுதிய அத்தனையும் அந்தத் தலைப்பிலேயே அடங்கிவிடுகிறது. 1972இல் கேத்லீன் உடிவிஸின் ‘தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்’ படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டதும் அங்கியோடு ஓடுகிற பெண்களுக்கு மவுசு குறைந்தது. வாசகர்கள் அங்கியைக் கழற்றிய கதைகளுக்குப் போய்விட்டார்கள்.

தலைக்குள் ஒளிந்த ரகசியம் இதற்கிடையே சினிமாவில் கொழித்தது. ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ (1945) நாயகன் சிறுவனாக இருந்தபோது சகோதரனின் சாவுக்குக் காரணமான விபத்தை மறந்து, அந்தக் குற்ற உணர்வை மட்டும் சுமந்து அலைகிறான். காதலிக்கும் மனநல மருத்துவர் இங்ரிட் பெர்க்மன் அதைத் தோண்டி எடுக்கிறார். கனவுக் காட்சியை வடிவமைத்தவர் சால்வடோர் டாலி. 1961இல் வின்ஸ்டன் கிரஹாம் எழுதி 1964இல் ஹிட்ச்காக் எடுத்த ‘மார்னி’யிலும் பால்யத்தில் புதைந்த கொலை ஒன்றுதான் முடிச்சு. இரண்டிலும் நினைவு திரும்பியதும் நோய் பறந்துவிடும். சினிமா மருத்துவம்.

இந்த வகையில் மிகக் கெட்டிக்காரத்தனமான கதை அகதா கிறிஸ்டியுடையது. ‘ஸ்லீப்பிங் மர்டர்’ நாவலைப் பல வருஷம் முன்பே எழுதி, உரிமையைக் கணவர் மேக்ஸ் மல்லோவன் பெயருக்கு எழுதிவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். 1976 ஜனவரியில் கிறிஸ்டி மறைந்தார், அந்த ஆண்டே புத்தகம் வந்தது. புதிதாக மணமான க்வெண்டா நியூசிலாந்திலிருந்து வருகிறாள். தென் இங்கிலாந்தின் கடலோர ஊரில் ஒரு வீட்டைப் பார்த்த உடனே பிடித்துப்போய் வாங்குகிறாள். அவள் பிறந்தது இந்தியாவில். தாய் அங்கே இறந்ததும் நேராக நியூசிலாந்துக்குச் சொந்தக்காரர்களிடம் அனுப்பப்பட்டதாகத்தான் அவளுக்குத் தெரியும். புல்வெளியிலிருந்து கீழே இறங்கப் படி இருந்தால் நன்றாக இருக்குமே என்கிறாள். தோட்டக்காரர் வெட்டினால் அங்கே பழைய படிகள் புதைந்து கிடக்கின்றன. இரண்டு அறைக்கு நடுவே ஒரு கதவு வேண்டும் என்கிறாள். கொத்தனார் தட்டினால் பூசி மறைத்த பழைய கதவு. குழந்தைகள் அறைக்கு என்ன சுவர்க் காகிதம் ஒட்டலாம் என்று யோசிக்கிறாள். சிவப்புப் பாப்பிப் பூக்களும் நீலக் கார்ன்ஃப்ளவர் பூக்களும் மாறி மாறி வர வேண்டும் என்று மனசில் ஒரு படம். அந்த அறையில் வண்ணம் பூசி ஒட்டிப்போன அலமாரி ஒன்று உண்டு. அதைத் திறக்க ஆள் வைக்கிறாள். உள்ளே, வெயில் படாமல் வெளுக்காமல், அதே பாப்பியும் அதே கார்ன்ஃப்ளவரும்.

பிறகு ஒரு நாள் லண்டன் நாடக அரங்கில் மேடையிலிருந்து கேட்ட ஒரு வரிக்கு அலறிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். மாடிப்படிக் கிராதிகளுக்கு இடையே எட்டிப் பார்த்த ஒரு சின்னக் குழந்தை அவள். கீழே ஒரு பெண் நீலமேறிய முகத்தோடு கிடக்கிறாள். அதே வரியை யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார். துப்பறியும் மிஸ் மார்ப்பிளின் முதல் அறிவுரை, தூங்குகிற கொலையை எழுப்பாதே என்பது. யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நாவல் ஏது.

கிறிஸ்டியின் நேர்மை அந்த அலமாரியில் இருக்கிறது. க்வெண்டாவின் நினைவை அவர் அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் கல்லும் சுண்ணாம்பும் காகிதமுமாக வெளியே ஒரு சாட்சி வைத்தார். நிஜ உலகம் அந்த ஜாக்கிரதையைப் பல நேரம் காட்டவில்லை. கலிஃபோர்னியாவில் 1990இல் ஒரு தந்தை, இருபது வருஷத்துக்கு முன் நடந்த ஒரு சிறுமியின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டார். முக்கியச் சாட்சி, மகளுக்குத் திடீரென்று திரும்பி வந்ததாகச் சொன்ன நினைவு. ஐந்து வருஷம் கழித்து அந்தத் தீர்ப்பு ரத்தானது. அவருடைய வழக்கில் சாட்சி சொன்ன உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், 1995இல் ஜாக்குலின் பிக்கரலோடு சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். 24 பேரிடம், சின்ன வயதில் கடைவீதியில் தொலைந்துபோனாயே என்று, நடக்காத ஒன்றை வீட்டார் சொன்னதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவர் அதை நம்பினார். சிலர் தாங்களாகவே விவரங்களைக்கூடச் சேர்த்துச் சொன்னார்கள். நினைவு, பூட்டிய அலமாரிக்குள் வெளுக்காமல் இருக்கும் சுவர்க் காகிதம் இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் யாரோ புதுக் காகிதம் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

கான்ஸ்டன்ஸ் கென்ட் இருபது வருஷம் சிறையில் இருந்து 1885இல் வெளியே வந்தார். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய சொந்தத் தம்பி வில்லியம் அங்கே கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிரேட் பாரியர் ரீஃப் பற்றி 1893இல் வில்லியம் சவில்-கென்ட் வெளியிட்ட புத்தகம் இன்றும் பேசப்படுகிறது. அக்கா பெயரை மாற்றிக்கொண்டு தாதிப் பயிற்சி எடுத்தார், நோயாளிகளைக் கவனித்தார், தாதியர் விடுதி நடத்தினார்.

1928இல் ஜான் ரோட் என்ற எழுத்தாளர் கான்ஸ்டன்ஸ் கென்ட் வழக்கைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவருடைய பதிப்பாளருக்குச் சிட்னியிலிருந்து கையெழுத்தில்லாத நீண்ட கடிதம் ஒன்று வந்தது. கென்ட் வீட்டுப் பிள்ளைகளின் பால்யம் அறை அறையாக, தண்டனை தண்டனையாக அதில் இருந்தது. முதல் மனைவி பைத்தியம் இல்லை என்று வாதாடியது அந்தக் கடிதம். கொலை நடந்த இரவைப் பற்றி அதிகம் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவரைத் தவிர வேறு யாரும் அப்படி எழுதியிருக்க முடியாது.

1944 பிப்ரவரியில் சிட்னி அருகே வயதான தாதி ஒருவர் தன் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடினார். உள்ளூர்ப் பத்திரிகை படம் எடுத்துப் போட்டது. லண்டன் அரண்மனையிலிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது, மிஸ் ரூத் எமிலி கே என்ற பெயருக்கு.